துண்டு ஆடுவதற்கு முன்பே

எழுபதுகளில் எளாவூர்ப் பக்கம் மின்கம்பி இழுக்கும் வேலையில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்று, ஊர் ஊராகச் சுற்றிய பிறகு கிடைத்த வேலை. கம்பியின் இறுக்கத்தை அறிய ஒரு முனையில் ஓங்கித் தட்டுவோம். அதிர்வு அலையாக ஓடி, அடுத்த கம்பத்தில் மோதித் திரும்பும். திரும்பிவர ஆகும் நேரத்தைப் பார்த்து மேஸ்திரி இறுக்கத்தைச் சொல்வார். அந்தக் கம்பத்தில் இருப்பவர் கையை எடுத்துவிட்டுத் துண்டை ஆட்டிய பிறகே தட்ட வேண்டும்.

அன்று வெயில் பொறுக்காமல், அடுத்த கம்பத்தில் ஏறியிருந்த ஏழுமலை அண்ணன் துண்டை ஆட்டுமுன் தட்டிவிட்டேன். அலை ஓடியது கண்ணுக்கே தெரிந்தது. நான் கத்துவதற்குள் அவர் அலறினார். துள்ளிய கம்பி அவர் விரல்களைக் கம்பத்துக் கப்பியோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ஓடிப்போய் அவரைக் கீழே இறக்கினோம்.

“இன்னாடா, அவன் துண்டு ஆட்னானா?” என்றார் மேஸ்திரி.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். “ஆட்னாரு மேஸ்திரி” என்றேன்.

ஏழுமலை அண்ணன் என்னையே பார்த்தார். “ஆமா மேஸ்திரி. ஆட்டிக்கினே கைய வச்சிட்டேன்.”

அன்றே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிடப் போனபோது, “ஏண்ணா அப்படிச் சொன்ன?” என்றேன்.

“இந்தக் கைய வச்சிக்கினு இனிமே எங்க ஏறப்போறேன்? நீயாவது இரு நைனா.”

உண்மையைச் சொல்லிவிடத்தான் மறுநாள் போனேன். “இன்னாடா மூஞ்சிய பாத்துக்கினு நிக்கிற, தட்டு” என்றார் மேஸ்திரி. தட்டினேன். அதன் பிறகு சொல்லவே இல்லை.