ஆடு புலி ஆட்டத்தில் தோற்ற இயந்திரம்

இயற்பியல் படித்துவிட்டு இயந்திரத்துக்கு யோசிக்கக் கற்றுத்தருகிற தொழிலில் பெயர் சீக்கிரம் வந்துவிடும். வேலை என்னவென்றுதான் ஒருத்தருக்கும் புரியாது. செய்யாத காரியத்துக்குப் பாராட்டு வாங்கி முழித்தவர்களே, என் அவஸ்தை உங்களுக்குத்தான் தெரியும்.

எழுபதுகளில் ஒரு வாரப் பத்திரிகை என் படத்தைப் போட்டு, 'மூளையுள்ள இயந்திரம் செய்யும் விஞ்ஞானி' என்று எழுதிவிட்டது. நான் செய்ததெல்லாம் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்கு ஆடு புலி ஆட்டம் சொல்லிக்கொடுத்தது. அதுவும் தோற்றுக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மயிலாப்பூரில் வசந்தாவைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் அப்பாதான் பதில் சொல்லாமல் இழுத்தடித்தார்.

புடவைக் கடையில்

நல்ல சேதி வருவதற்குள் புடவை பார்த்து வைக்கலாம் என்று அம்மா என்னைத் தி. நகருக்கு இழுத்துப் போனாள். கடை முதலாளி திருநெல்வேலிக்காரர். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு கலர் சோடா வரவழைத்தார். அம்மா புடவைகளை மலையாகப் பிரித்துப் போடச் சொல்லி, எதிலும் பார்டர் சரியில்லை என்று எழுந்துவிட்டாள். முதலாளி என் காதருகே குனிந்தார். அவர் சொன்னது பாராட்டா, திட்டா என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

"எடுக்காம எந்திரிச்சுப் போறவுக யாருன்னு வாசல்லயே சொல்லுத மாதிரி ஒரு மெசின் செஞ்சு தாங்க சார். அது போதும்."

ரிக்‌ஷாவில்

வசந்தாவின் அப்பா கூப்பிட்டனுப்பிய அன்று, பதற்றத்தில் ரிக்‌ஷா ஏறினேன். "போண்டா கட்டிக் குட்த்த பேப்பர்ல உன் மூஞ்சிய பாத்தேன் சார்," என்றார் ரிக்‌ஷாக்காரர். அந்த இயந்திரத்துக்குக் கோபம் வருமா என்று கேட்டார். ஆட்டத்தில் தோற்றாலும் வராது என்றேன். வண்டியை மிதிப்பதையே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"தோத்தாக்கூட கோவம் வராதா? அப்ப அது இன்னாத்த சார் யோசிச்சிக்கினு கீது?"

மயிலாப்பூரில்

வசந்தாவின் அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று ஆபீஸ் வாசலில் கோஷம் போடுகிற சங்கத்துக்குச் செயலாளர் வேறு. "உங்க மெஷின் வந்துட்டா நாங்கள்லாம் ஆத்துல உக்காந்துண்டு என்ன பண்றது?" என்று நேராகவே கேட்டார். பெண் கை நழுவிப் போகிறதே என்ற பயத்தில், "கவலைப்படாதீங்கோ மாமா, அது படுமுட்டாள். ஆடு புலி ஆட்டம்கூட ஆடத் தெரியலை," என்று உளறிவிட்டேன்.

அவர் முகம் இன்னும் இருண்டது. "இப்படி ஒரு முட்டாள் மெஷினை உங்க ஆராய்ச்சிக்கூடத்துல எத்தனை நாளைக்கு வெச்சுண்டிருப்பா? அப்புறம் உங்க வேலை என்னாகும்?" என்றார். இயந்திரம் கெட்டிக்காரன் என்றால் அவருக்கு ஆபத்து, முட்டாள் என்றால் எனக்கு ஆபத்து. எதைச் சொன்னால் வசந்தா கிடைப்பாள் என்று தெரியாமல் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வந்தது.

"மெஷின் தோத்தா உங்க வேலை பத்திரம், ஜெயிச்சா அவர் வேலை பத்திரம். எப்படியும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சம்பாதிப்பேள். சரின்னு சொல்லிடுங்கோப்பா!"

என் இயந்திரம் யோசிக்கிறதா என்பதில் எனக்கு இன்றுவரை குழப்பம்தான், ஆனால் எங்கள் வீட்டில் யோசிப்பது யார் என்பதில் அன்றிலிருந்து குழப்பமே இல்லை.