முகத்துத் தூசி

சூளகிரி ஆலையில் எங்களுக்குச் சோறு போட்ட கேண்டீன் அக்கா, தாய்மாமனையே கட்டிக்கொண்டவர். கல் அறுக்கும் பட்டறையில் வேலை முடிந்ததும் மாமா அவரைக் கூட்டிப்போக மொபெட்டில் வருவார். அவர் முகத்துத் தூசியை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் அக்கா வண்டியில் ஏறுவார்.

விஷயம் தெரிந்ததும் பீகார் வெல்டர் பதறினான். "அக்கா, எங்க ஊர்ல இது பாவம்!"

"எங்க ஊர்ல இதுதாம்பா முறை," என்று அக்கா சிரித்தார்.

"அப்ப உங்க பொண்ண உங்க தம்பிக்குக் குடுப்பீங்களாக்கா?" என்றேன் நான்.

சிரிப்பு நின்றது. "கேட்டான். முடியாதுன்னுட்டேன். அவன் தோள்ல தூக்கி வளத்த புள்ள. தப்பில்லையாப்பா?"

"மாமாவும் உங்களத் தூக்கி வளத்தவர்தானேக்கா?"

வெளியே மொபெட் ஹாரன் கேட்டது. அன்று தூசியெல்லாம் போன பிறகும், அக்கா அந்த முகத்தை வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.