வெள்ளையாக விட்ட இடம்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் ‘புகை’. ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டவனில்லை. செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் படங்களைப் பார்த்து, காட்டுத்தீயின் புகை எதுவரை பரவியிருக்கிறது என்று மவுஸால் எல்லை வரைவது அவன் வேலை. லேசான புகைக்கு மஞ்சள், அடர்ந்ததற்குச் சிவப்பு. காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வரைபடம் வெளியாகும். சிவப்பு விழுந்த ஊர்களில் பள்ளிக்கூடம் கிடையாது, வெளிவேலை கிடையாது.

அவன் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவன்தான். மரக்கிடங்கில் காவல் பார்க்கும் அப்பாவுக்கு அதில் பெருமை பிடிபடாது. லாரிக்காரர்களிடம் கைபேசியை நீட்டுவார். “பாருய்யா, என் பையன் ஆகாசத்துல இருந்து பாத்துப் போட்ட கோடு!”

அன்று காலை அப்பாவும் அக்காவும் இருக்கும் ஊர்மேல் மேகம் கவிந்திருந்தது. மேகத்துக்கு அடியில் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. தெரியாததை வரையக்கூடாது என்பது விதி. அந்த இடத்தை வெள்ளையாக விட்டுவிட வேண்டும். புகையே இல்லாத இடத்துக்கும் அதே வெள்ளைதான்.

ஏழு மணிக்கு அக்கா அழைத்தாள். “டேய், எதிர்வீடே தெரியலடா. அப்பாவுக்கு இரைக்குது. வேலைக்குக் கிளம்பி நிக்கிறார், நீயாவது சொல்லு.”

“அப்பா, இன்னைக்குப் போகாதீங்க.”

“வாயால சொன்னா மேனேஜர் லீவு தருவானா? படத்துல சிவப்பு போடு, நிக்கிறேன்.” இருமலுக்கு நடுவே சிரித்தார். “போடலைன்னா புகை இல்லைன்னுதானே அர்த்தம்? என் மூக்கு என்ன, உன்னை மாதிரி படிச்ச மூக்கா?”

அவன் ஊரைச் சுற்றிச் சிவப்பு வரைந்தான். சரிபார்க்க வந்த மேடம் ஒரே தட்டில் அழித்தார்.

“இங்க மேகம்தானே இருக்கு? புகையை எங்க பாத்தே?”

“அக்கா போன் பண்ணினாங்க மேடம்.”

“நாளைக்கு என் மாமியாரும் போன் பண்ணுவாங்க. அவங்க சமையல்கட்டுக்கும் கலர் அடிப்பியா?”

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு வாய் கசக்கிறது. மறுபடி வரைய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவன் வரையவில்லை. அப்பாவின் ஒன்பது மணி ஷிப்டுக்கு முன்னால், எட்டு அடித்ததும், ஊர் வெள்ளையாகவே வெளியே போனது.

பகல் பன்னிரண்டுக்கு அப்பா கிடங்கு வாசலிலேயே சாய்ந்துவிட்டார். இந்தப் புகையில் எதற்கு வெளியே வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, ஆக்சிஜன் முகமூடியை நகர்த்திவிட்டுக் கைபேசியைத் திறந்து காட்டினாராம். அதற்குப்பின் அப்பாவுக்கு நினைவு தப்பியது.

மூன்று மணிக்கு மேகம் விலகியது. அடியில் புகை திட்டாகத் தேங்கிக் கிடந்தது. அவன் தெருத்தெருவாக எல்லை பிடித்துச் சிவப்பு போட்டான். மேடம் எட்டிப் பார்த்தார். “கோடு சுத்தமா வந்திருக்கு, புகை.”

நான்கு மணிக்குப் படம் வெளியானதும் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா அழைத்தாள். “அப்பா போயிட்டார்டா” என்றாள். பிறகு கேட்டாள்:

“இப்பச் சிவப்பு போட்டிருக்கியே, யாருக்குடா?”