நான் வெளிக்கிட்ட பங்குனி

திருகோணமலையில் பங்குனி வந்ததை ஒரு சத்தம் நின்றுபோவதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஐப்பசி தொடங்கி வீட்டுக்குப் பின்னால் அலைகள் கரையைப் போட்டு அறைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்குள்தான் சமையல், பேச்சு, தூக்கம் எல்லாம். பிறகு ஒரு விடியலில் காது திடீரென்று வெறுமையாகி, அதனாலேயே விழித்துக்கொள்வேன். வெளியே வந்தால் கடல் குளத்துத் தண்ணீர்போலக் கிடக்கும். பக்கத்து வீட்டு ஆண்கள் தோணிகளைக் கவிழ்த்துப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் தென்காசியில் இந்த நாட்களில் மாம்பூ வாசம் தெருவரைக்கும் வரும். இங்கே வசந்தத்துக்கு வாசமே இல்லை.

வந்த புதிதில் அந்த அமைதி எனக்குப் பிடிக்காது. கடல் இரைந்தால் நான் அழுவது வெளியே கேட்காது. என் கணவர் துறைமுகப் பட்டறையில் இரும்படிக்க வந்தவர். கல்யாணமான கையோடு என்னையும் கப்பலேற்றிக் கூட்டிவந்துவிட்டார். உலகச் சண்டை தொடங்கிய பிறகு பட்டறையில் வேலை கூடிப்போனது. விடியப் போனால் இருட்டித்தான் வருவார். நான் கதவைச் சாத்திக்கொண்டு, கோயில் கோபுர வாசலில் முந்தானையைப் பிடுங்குகிற காற்றையும், ஆனி ஆடியில் முகத்தில் தெளிக்கிற சாரலையும் நினைத்துக்கொண்டிருப்பேன். இங்கே ஆடியில் மணல் கொதிக்கும்.

அக்கம்பக்கத்தில் நான் பேசாததற்குக் காரணம் மொழி. இரண்டு பக்கமும் தமிழ்தான், ஆனாலும் தடுக்கியது. வந்த வாரமே பக்கத்து வீட்டு இரத்தினம் அக்கா வேலியோரம் நின்று, "உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்றாள். அவள் வலை இழுப்பவர் ஒருவரின் மனைவி. மீன் காயப்போட்டு விற்பவள். கதை சொல்லப் போகிறாளாக்கும் என்று பாய் விரித்து, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தேன். அவள் கேட்க வந்தது கிணற்று வாளியை. கதைப்பது என்றால் பேசுவது என்று பிறகுதான் தெரிந்தது. முற்றத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. போதாக்குறைக்கு மீன் வாடை வேறு. நாங்கள் சைவம். அதன்பின் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன்.

அப்படி இருந்தபோதுதான் அந்தப் பங்குனிக் கடைசியில், கடல் அடங்கியிருந்த ஒரு காலையில், எதிரி விமானங்கள் வந்தன. துறைமுகப் பக்கம் குண்டுகள் விழ, எங்கள் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாக நழுவி முற்றத்தில் உடைந்தன. நான் குசினி என்று இங்கே சொல்லும் அடுப்படி மூலையில், அம்மிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். கதவை இடித்துத் திறந்துகொண்டு இரத்தினம் அக்கா வந்தாள்.

"எழும்புங்கோ! கெதியா வெளிக்கிடுங்கோ!"

ஊரில் நாம் வெளிக்குப் போவது என்று எதைச் சொல்வோம் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் வயிற்றைப் பிடித்திருந்ததைப் பார்த்து அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, அந்தப் பயத்திலும் வெட்கப்பட்டு, "இல்லக்கா, எனக்கு வரல" என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "வரேல்லையோ? சரி, உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். வெளியே மாட்டுவண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு தெருவில் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்சம் பொறுத்து எட்டிப் பார்த்தபோது எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. துறைமுகத்துக்கு மேலே கரும்புகை. அதற்குள் என் கணவர். நடுத்தெருவில் நின்று, "அம்மா" என்று கத்தினேன். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு கடல் கிடந்தது.

தெருமுனையில் ஓர் ஆள் தெரிந்தது. இரத்தினம் அக்காதான், தனியாக, மூச்சு வாங்க ஓடிவந்துகொண்டிருந்தாள். "வண்டியை மறிச்சுப்போட்டு வந்தனான். உங்களை விட்டுட்டுப் போக மனம் கேக்கேல்லை" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவர்?" என்றேன். "டொக்யாட்டுக்குள்ள ஒருத்தரையும் விடமாட்டாங்கள். நீங்கள் உயிரோட இருந்தால்தானே அவர் தேடி வரலாம். நடவுங்கோ!"

தம்பலகாமத்துக்கு வண்டி போய்க்கொண்டிருந்தபோது, "ஏன் பிள்ளை வரேல்லை எண்டு சொன்னீங்கள்?" என்று கேட்டாள். தயங்கித் தயங்கி, அவள் காதோடு விஷயத்தைச் சொன்னேன். "வெளிக்கிடுறது எண்டால் புறப்படுறது, பிள்ளை" என்றவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். முன்னால் இருந்த கிழவர் நாங்கள் அழுவதாக நினைத்து, "கடவுள் இருக்கிறார்" என்று தேற்றினார்.

தம்பலகாமத்தில் அவளுடைய அண்ணன் வீட்டில் தங்கினோம். அங்கிருந்தும் புகை தெரிந்தது. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அடுத்த போகத்துக்கு வயலைச் சேறடித்துக்கொண்டிருந்தார்கள். பயத்தோடு உட்கார்ந்திருக்க முடியாமல், அந்த வீட்டுப் பெண்களோடு நானும் இறங்கி வரப்புக் கட்டினேன். சேறு கணுக்காலைப் பிடித்தபோது அது எந்த ஊர்ச் சேறு என்று கால் கேட்கவில்லை.

வருசப்பிறப்பு அங்கேயே வந்தது. நம்மைப்போல் கண்ணாடிக்கு முன்னால் பழம் வைத்துக் கண்விழிக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்துக் குளிக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு வைப்பதுபோல் இரத்தினம் அக்கா என் உச்சியில் அதை வைத்துத் தேய்த்தாள். "பழசெல்லாம் கழுவுப்படட்டும்" என்றாள். தலை நனைந்தபடி நிமிர்ந்தால், வேலிப் படலையில், விசாரித்துத் தேடிவந்த என் கணவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் துணிக்கட்டு. முகமெல்லாம் கரி. ஈரத்தலையோடு ஓடினேன்.

சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, "தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு நாளைக்கு ஊருக்குப் போகுது. பட்டறையில என்னை விடமாட்டாங்க. நீயாவது அவங்களோட போயிரு" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு நான் வேண்டிக்கொண்டிருந்தது இந்த ஒன்றுக்காகத்தான். அவருடைய வெந்த விரல்களைப் பார்த்தேன். வயலில் சத்தம்போட்டுக்கொண்டு நின்ற இரத்தினம் அக்காவைப் பார்த்தேன். எனக்காக வண்டியை நிறுத்திவிட்டு, குண்டு விழுந்த ஊருக்குள் திரும்பி ஓடிவந்தவள்.

"நீங்க இருக்கிற இடத்துல நான் இருக்கேன்" என்றேன். அவர் துணிக்கட்டை என் கையில் தந்தார். உள்ளே எனக்குப் பயணத்துக்கென்று எடுத்துவந்த சேலை இருந்தது. மறுநாள் அதைக் கட்டிக்கொண்டுதான் வயலுக்குப் போனேன்.

குண்டுப் பயம் அடங்கியபின் கரைக்குத் திரும்பினோம். கதவைச் சாத்துவதை விட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டாவது இரத்தினம் அக்காவின் மீனுக்குக் காக்கை விரட்டப் போய் உட்கார்ந்தேன். பொத்துவதும் மெல்ல நின்றது.

அடுத்த பங்குனியில் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வர வழி கிடைத்தது. இறங்கிய அன்று மாம்பூ வாசம் தெருமுனைவரை வந்து எதிர்கொண்டது. அம்மா என் தலையை மடியில் போட்டு வருடிக்கொண்டே, "சண்டை முடியிற வரைக்கும் இங்கனயே இருந்திரேன், செம்பகம்" என்றாள்.

அந்த மடியை விட்டு எழவே கூடாது என்றுதான் இருந்தது. மனதார, இருந்துவிடுகிறேன் என்றுதான் சொல்ல நினைத்தேன்.

"ஓம்" என்றேன்.

என் வாயில் வந்தது திருகோணமலைச் சொல்; அங்கே அதற்கு ஆமாம் என்று பொருள். அம்மாவுக்கு அது தெரியாது. மகள் சாமியை நினைக்கிறாள் என்று எண்ணி, வருடிய கையை எடுத்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள்.