கொடி கடக்கும்வரை

எவர்சில்வர் டம்ளரில் டீ ஆறி, மேலே ஆடை படிந்து, ஓரங்களில் சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. சோபாவுக்குப் பக்கத்து முக்காலியில் அதை வைத்தது நான்தான். வைத்தபோது ஆவி பறந்தது. குனிந்து கைபேசியைப் பார்த்தபடியே வந்தேன், குனிந்து பார்த்தபடியே போனேன். மூன்று நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து திரும்பியபோதும் டம்ளர் அங்கேயே இருந்தது. கழுவ மனம் வரவில்லை. கடைசியில் என் கணவர்தான் எடுத்துப் போய்க் கழுவி வைத்தார்.

அந்த டீ என் மாமனாருக்காகப் போட்டது. பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர் என்றால் எல்லோரும் துப்பாக்கியைத்தான் நினைப்பார்கள். அவர் தூக்கியது கார்னெட் என்கிற சின்ன எக்காளம். பட்டாளத்து பேண்டில் முன்வரிசை. கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்தில் அவருக்கு 'பேண்டு மிலிட்டரிக்காரர்' என்றுதான் பெயர். மாமியார் இறந்த பிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அழைத்து வந்து என்ன செய்தோம்? ஒரு டீக்கடைக்குப் போகக்கூட கார் வேண்டிய ஊரில், கார் ஓட்டத் தெரியாத மனிதரை நாள் முழுக்க ஒரு ஹாலில் உட்கார வைத்தோம். சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோவில், ஞாயிற்றுக்கிழமை இந்தியக் கடை. மிச்ச ஐந்து நாளும் டிவி.

அந்த டிவியில் யூடியூபைத் திறந்து கொடுத்தது என் மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது. அவர் கேட்டது சினிமா இல்லை, செய்தி இல்லை, சீரியலும் இல்லை. லண்டனில் ராணிக்குப் பிறந்தநாள் அணிவகுப்பு நடக்குமே, அது. கரடித்தோல் தொப்பியும் சிவப்புக் கோட்டும் போட்டவர்கள் சரளைக்கல் மைதானத்தில் நடப்பது. வருடத்துக்கு ஒன்றாக எத்தனையோ இருந்தன. எல்லாவற்றையும் பார்த்தார், பார்த்ததையே மறுபடி பார்த்தார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அவருக்கு அப்படி இல்லை. "போன வருசம் மூணாவது வரிசை கொஞ்சம் பிந்துச்சு. இந்த வருசம் சரி பண்ணிட்டான் பாரு" என்பார்.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "என்ன மாமா, வெள்ளைக்காரன் போய் இவ்ளோ வருஷம் ஆச்சு, நீங்க இன்னும் அவனுக்கு எழுந்து நிக்கிறீங்களே!" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "பாட்டு அவனோடதா இருந்துட்டுப் போகட்டும் அம்மிணி. காலு எங்களோடது" என்றார். பிறகு என்னை உட்காரச் சொல்லி ஒரு இடத்தைக் காட்டினார். நூற்றுக்கணக்கான பேர் கொண்ட பேண்டு, திரும்ப இடமில்லாத இடத்தில் திரும்புகிறது. சிலர் முன்னே போகிறார்கள், சிலர் பக்கவாட்டில் நகர்கிறார்கள், சிலர் நின்ற இடத்திலேயே கால் மாற்றுகிறார்கள். ஒரு நிமிடம் சந்தைக் கூட்டம்போல இருக்கிறது. பாட்டு மட்டும் ஒரு நூல் பிசகவில்லை. திடீரென்று பார்த்தால் மொத்தப் பேண்டும் வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நேர்வரிசையில் நிற்கிறது. "இதை எழுதி வெச்சுச் சொல்லித்தர முடியாது. பக்கத்துல இருக்கிறவனை நம்பித்தான் காலை வெக்கோணும்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்குப் பிறகு, சமையலறையில் இருந்தபடியே நானும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். முரசு சுமந்து வரும் பெரிய குதிரையை எனக்குப் பிடித்துவிட்டது. மேலே இருப்பவனுக்கு இரண்டு கையும் முரசுக்கு வேண்டும் என்பதால் கடிவாளத்தைக் காலில் மாட்டியிருப்பான். வேலை, வீடு, பிள்ளை என்று ஓடுகிற எனக்கு அவன் சொந்தக்காரன்போலத் தெரிந்தான்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. ஒரு அணிவகுப்பில், வெயிலில் நின்ற சிப்பாய் ஒருவன் மயங்கி விழுந்தான். கையைக்கூட ஊன்றவில்லை. மரம் சாய்வதுபோல முகம் மண்ணில் பட விழுந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா டிவியை நிறுத்தி, "விழுந்தவனும் அட்டென்ஷன்லதான் விழுந்தான், பாத்தியா?" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை.

"யாருமே தூக்க மாட்டாங்களா மாமா?"

"தூக்கறதுக்கு ஆளு பின்னாடி இருக்குது அம்மிணி. அவன் வந்து தூக்கிக்குவான். பக்கத்துல நிக்கிறவன் அசையக் கூடாது. விழப்போறவனும் சொல்லக் கூடாது."

அவர் பேண்டிலேயே ஒரு முறை அப்படி நடந்ததாம். பக்கத்து கார்னெட்காரர் விழுந்தார். மாமா அவரைத் தாண்டிக் கால் வைத்து, ஒரு சுரம் விடாமல் வாசித்துக்கொண்டு போனார். மறுநாள் அந்த நண்பர், 'நீ நின்னிருந்தா எனக்குத்தான்டா கேவலம்' என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். சொல்லி முடித்துவிட்டு மாமா ரிமோட்டைக் கையில் எடுத்தார். "தாண்டறப்போ பூட்ஸு அவன் கைமேல பட்டுருச்சு" என்றார். பிறகு டிவியை ஓடவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்து சேர்ந்தது இப்படித்தான். டிவியில் கொடி வரும்போது மாமா எழுந்து நிற்பார். கைகள் இரண்டும் பேன்ட் தையலோடு ஒட்டியிருக்கும், பார்வை நேரே இருக்கும். கொடி கடந்து, பேண்டு மைதானத்தை விட்டுப் போகும்வரை யாரும் அவரிடம் பேசக் கூடாது. என் மகள் ஆரம்பத்தில் எதிரே நின்று நாக்கை நீட்டிப் பார்த்தாள். விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தாள். மனிதர் ஆடவில்லை, அசையவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் விழுந்து விழுந்து சிரிப்பார். "தாத்தாஸ் டூயிங் த ஸ்டாச்யூ திங்" என்று அவள் சொன்னால், நாங்கள் அந்தப் பக்கம் போகமாட்டோம். அதைத்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்கு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார். கணவர் ஆபீஸுக்கும் மகள் பள்ளிக்கும் போனார்கள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பத்து மணி மீட்டிங்குக்கு முன்னால் டீயைக் கொண்டுபோய் முக்காலியில் வைத்தேன். மாமா நின்றுகொண்டிருந்தார். டிவியில் மெதுநடை. எனக்கு முதுகுதான் தெரிந்தது. கொடி வந்துவிட்டதாக்கும் என்று சத்தம் போடாமல் நழுவினேன். என் வேலை அறைக்குக் கண்ணாடிக் கதவு. இருபது நிமிடம் கழித்து அதன் வழியாகப் பார்த்தேன். இன்னும் நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு என்ன, பரேடு இவ்வளவு நீளுகிறதே என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைத்துவிட்டுத் திரும்பவும் கணினிக்குள் தலையைக் கொடுத்தேன்.

பதினொன்றரை மணிக்கு என்னை எழுந்து வர வைத்தது ஒரு விளம்பரம். மெத்தை விளம்பரம் ஒன்று பெருங்கூச்சலாகத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்தால் அந்த நொடியே சத்தத்தை அணைப்பவர் அவர். போய்ப் பார்த்தால், சோபாவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. நாற்காலி அவர் பக்கமாக இழுபட்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இரண்டு முறை பார்த்தபோதும் அவருடைய இடது கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது. அட்டென்ஷனில் நிற்பவன் எதையும் பிடிக்கமாட்டான். அது எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோரையும்விட எனக்குத்தான் தெரியும்.

மருத்துவமனையில் முதல் கேள்வியே அதுதான். இவரைக் கடைசியாக நல்லபடியாக இருக்கக் கண்டது எத்தனை மணிக்கு? மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டால் அடைப்பைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது. அதற்கு நாலரை மணி நேரக் கணக்கு உண்டு, அது தாண்டினால் கொடுக்கமாட்டார்கள். பத்து மணி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பத்து மணிக்கு நன்றாக இருந்தாரா என்று அந்தப் பெண் டாக்டர் திருப்பிக் கேட்டார். முகத்தைப் பார்த்தீர்களா? பேசினாரா? நான் முகத்தைப் பார்க்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றரை மணி நேரம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன், ஒரு முறைகூட முகத்தைப் பார்க்கவில்லை. ஆறரை மணிக்குச் சட்னி கேட்டார், அதைத்தான் சொல்ல முடிந்தது. ஆறரை என்று எழுதிக்கொண்டார். நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

என் கணவர் ஒரே ஒரு முறை, பார்க்கிங்கில் வைத்துக் கேட்டார். "நீ வீட்லதானே இருந்தே?" பிறகு இன்றுவரை அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

மாமா அதற்குப் பிறகு பத்து மாதம் எங்களோடு இருந்தார். வலது பக்கம் போய்விட்டது, பேச்சு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதே அணிவகுப்புகளைப் பார்த்தார். இடது கை விரல் மட்டும் நாற்காலிக் கையில் தாளம் போடும். ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "மாமா, அன்னிக்கு என்னை ஏன் கூப்பிடலை? நான் பக்கத்துலதானே வந்தேன்?" அவர் என்னையே பார்த்தார். பிறகு இடது கையை மெதுவாக எடுத்து, விரல்களை மடக்கி, தொடையோரத்தில் பேன்ட் தையல்மேல் நேராக வைத்தார். அவ்வளவுதான். 'கூப்பிடக் கூடாது, நான் அணியில் நின்றேன்' என்று சொன்னாரா, 'குரல் வரவில்லை அம்மிணி' என்றாரா, 'உன்மேல் தப்பில்லை' என்றாரா? எனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொள்ள இத்தனை வருடமும் முயன்றுவிட்டேன். மனம் அதில் நிற்கமாட்டேன் என்கிறது. பக்கத்தில் நிற்பவன் அசையக் கூடாது, சரி. பின்னாலிருந்து வரவேண்டிய ஆள் நான் அல்லவா?

அவர் போன பிறகு அந்த அணிவகுப்புகள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. இருநூறு பேர் ஒரே காலாக நடப்பதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகுக்காக விழுகிறவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் தொண்டையில் நிற்கிறது. இருந்தும் எங்கேயாவது பேண்டு முரசு கேட்டால் என் கால் தானாகத் தாளம் போடுகிறது. அந்தக் காலை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இப்போது என் மகளுக்குப் பதினைந்து வயது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மார்ச்சிங் பேண்டு என்றால் ஊர்த் திருவிழா மாதிரி. அவள் அதில் கிளாரினெட். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் பெற்றோர் குழுவில் என் பெயரைக் கொடுத்தேன். ஆகஸ்ட் மாதம், காலை எட்டு மணிக்கே கார் நிறுத்துமிடத்துத் தார் கொதிக்கிறது. பேண்டு ஆசிரியர் மேடையிலிருந்து மைக்கில் "செட்!" என்றால் இருநூறு பிள்ளைகளும் உறைந்து நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பெற்றோர் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது சட்டம்.

போன மாதம் ஒரு நாள், பெரிய முரசைச் சுமந்து நின்ற ஒரு பெண்ணைப் பின்னாலிருந்து பார்த்தேன். கழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஒரு கை முரசின் விளிம்பைப் பிடித்திருந்தது. எனக்கு அது போதும். கோட்டைத் தாண்டி, வரிசைகளுக்கு நடுவே ஓடி, அவள் தோளைப் பிடித்து முன்னால் வந்து முகத்தைப் பார்த்தேன். மைக்கில் ஆசிரியர் "மேம்! மேம்!" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திருதிருவென்று விழித்து, "ஐம் குட், மேம்" என்றாள். நன்றாகத்தான் இருந்தாள். முரசின் வார் தோளை அறுத்ததால் விளிம்பைப் பிடித்திருக்கிறாள். இருநூறு பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், என் மகளைத் தவிர. அவள் மட்டும் நேரே பார்த்தபடி நின்றாள்.

காரில் வரும்போது மகள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தாள். "யூ ப்ரோக் த செட், மா. ஷி வாஸ் ஃபைன்."

"தெரியும்டி. போய்ப் பாத்தப்புறம்தானே தெரிஞ்சுது."

வீடு வரும்வரை அவள் ரேடியோகூடப் போடவில்லை.

அன்று சாயங்காலம் ஹாலில் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். தாத்தா நின்ற அதே கம்பளம், எனக்கு முதுகைக் காட்டியபடி, கிளாரினெட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல். கைபேசியில் தாளக்கருவி டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் டீ குடிக்கப் பழகியிருக்கிறாள். அதே எவர்சில்வர் டம்ளரை முக்காலியில் வைத்தேன். என் கைபேசி அடித்தது, ஆபீஸ். எடுக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு எதிரே நின்று முகத்தைப் பார்த்தேன்.

உதடு அசையாமல், "மா, ஐம் இன் செட்" என்றாள்.

"நீ நில்லு. நானும் நிக்கிறேன்."

கண்ணை உருட்டினாள். ஆனால் போ என்று சொல்லவில்லை. தாளக் கணக்கு முடிந்ததும், கிளாரினெட்டை இறக்கி, கையை நீட்டி டம்ளரை எடுத்தாள். டீயில் இன்னும் ஆடை படியவில்லை.