சுவருக்குப் போடுற பிட்

எங்க வீட்டுக்காரர் மைன்ஸ் ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோச்சு, பேச்சும் குழறிப்போச்சு. அதைக்கூடத் தாங்கிக்கிட்டார். பாத்ரூமில் நான் இடுப்பைப் பிடிச்சுத் தூக்கிவிட வேண்டியிருக்கேன்னுதான் குறுகிப்போனார். தானா பிடிச்சு எழுந்திருக்கிறதுக்கு அங்கே சுவரில் ஒரு இரும்புப் பைப் வேணும்னு சைகையிலேயே கேட்டார். யார்கிட்டயும் எதையும் கேட்டுப் பழகாத மனுஷன். எனக்கு நெஞ்சு ஆறவே இல்லை.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சு அவர் கூட வேலை பார்த்தவங்க நாலு பேர் வந்தாங்க. ட்ரில் மிஷினும், அதில் மாட்டித் துளை போடுற பிட் ஒரு டப்பா நிறையவும் கொண்டுவந்தாங்க. எல்லாம் இரும்பைக் குடையிற பிட். மிஷின் பிளேட்டையே துளைக்கிறது, இந்தக் குவார்ட்டர்ஸ் சுவர் எம்மாத்திரம்னு ஒரு தைரியம். மைன்ஸ்காரங்களுக்கு உலகத்தில் இருக்கிறதெல்லாம் இரும்புதானே. சுவரில் விரல் நகம் அளவுக்குக் குழி விழுறதுக்குள்ள முனை கருகி மழுங்கிடுச்சு. இன்னொண்ணு மாட்டினாங்க. அதுவும் போச்சு.

கட்டிலில் கிடந்தவர் என்னமோ கத்தினார். எந்த வேலைக்கு எந்த பிட்னு ஷாப்பில் எல்லாரும் அவர்கிட்டத்தான் கேட்டுட்டுப் போவாங்களாம். அவரும் கத்திரிக்காய் பொறுக்குற மாதிரி முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பாராம். இப்போ அவர் சொல்றது அந்த நாலு பேருக்கும் விளங்கலை. அவங்கள்ல ஒருத்தர், குறிஞ்சிப்பாடிக்காரத் தம்பி, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அழுவாதீங்கண்ணே, போட்டுக்கினுதான இருக்கோம்"னு தட்டிக்கொடுத்துச்சு. அதுவரைக்கும் அவர் அழலை. அதுக்கப்புறம்தான் அழுதார். வந்தவங்களுக்கு வெறும் காப்பியைக் கொடுத்து அனுப்பிவச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு எங்க பிளாக்கில் அம்மி கொத்துறவர் கூவிக்கிட்டுப் போனார். இவர் ஜன்னலைக் காட்டுறார், சுவரைக் காட்டுறார், இடக்கையால் குத்துறார். அம்மியைப் போன மாசம்தானே கொத்தினோம், இப்ப என்ன அவசரம்னு நான் எரிஞ்சு விழுந்தேன். விடலை மனுஷன். விரலை உளி மாதிரி மடக்கிச் சுவரில் தட்டிக்கிட்டே இருந்தார். அப்பத்தான் என் மரமண்டைக்கு உறைச்சது. இரும்பைச் சீவி எடுக்கணும். சுவர் செங்கல்லும் சிமென்ட்டும், அதைக் கொத்தித்தான் எடுக்கணும். அதுக்கு முனை வேற.

மறுநாளே கடலூருக்கு பஸ் ஏறினேன். பொம்பளைதானே வந்திருக்கான்னு கடைக்காரர் பளபளன்னு ஒண்ணை எடுத்து நீட்டினார். சுவருக்குப் போடுற பிட் வேணும், முனை மழுங்கக் கூடாதுன்னு சண்டை பிடிச்சேன். அப்புறம்தான் உள்ளேயிருந்து வேற ஒண்ணு வந்தது. பார்க்க மங்கல், ஆனா நுனியில் மட்டும் தனியா ஒரு கெட்டி உலோகத் துண்டு பத்தவச்சிருந்தது. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டையும் வாங்கிட்டு வந்து அவர் உள்ளங்கையில் வச்சேன். கட்டைவிரலால் நுனியைத் தடவினார். பளபளப்பானதைக் கீழே தள்ளிவிட்டார். மங்கலானதைக் கையிலேயே வச்சுக்கிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அதே நாலு பேரும் வந்தாங்க. இந்தத் தடவை சுவர் மாவு மாதிரி உதிர்ந்துச்சு. துளையில் மரக்கட்டை அடிச்சு, ஸ்க்ரூ முறுக்கி, பைப்பை மாட்டிட்டாங்க. அவர் இடக்கையால் அதைப் பிடிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தானா எழுந்து நின்னார். வந்தவங்க முகத்தைத் துடைச்சுக்கிட்டு வெளியே போய்ட்டாங்க.

என் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். ரெண்டு மூணு வார்த்தை இருக்கும். "புரியலைங்க, இன்னொரு தரம் சொல்லுங்க"ன்னேன். சொன்னார். காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டேன். அப்பவும் புரியலை. தலையை ஆட்டிட்டு, தோளால் பாத்ரூம் கதவைத் தள்ளிச் சாத்திக்கிட்டார்.

அதுக்கப்புறம் அவர் பேச முயற்சி பண்ணவே இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே போய்ட்டார். என்ன சொன்னாரோன்னு இன்னைக்கும் நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன். பேச்சு போனப்புறம் அவர் என்கிட்ட எவ்வளவோ சொன்னார். நான் புரிஞ்சுக்கிட்டது அந்தப் பைப்பையும் பிட்டையும்தான்.