ஸ்டெப்னிக்கு இடமில்லாத வண்டி

கருமத்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பத்தொன்பது வருஷம் வேன் ஓட்டியவர் ஜெயக்கொடி. அந்த வருஷங்களில் பதினோரு முறை டயர் பஞ்சர் ஆனது. பதினோரு முறையும் அவரே ஜாக்கி வைத்து, நட்டுகளைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டியிருக்கிறார். பிள்ளைகளை இறக்கி ரோட்டோரம் வரிசையாக நிறுத்தி வைப்பது ஹபீபுன்னிசாவின் வேலை. வேனில் ஆயாவாக இருந்த அவர் பிற்பாடு மகளோடு சாம்ராஜ்நகருக்குப் போய்விட்டார்.

ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றதும் ஜெயக்கொடி ஒரு பழைய டூரிஸ்ட் வேனை வாங்கினார். சீட்டுகளை எடுத்துவிட்டு உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் வைத்து ஒரு வீடாகவே ஆக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. கணவர் சத்தியசீலன் விசைத்தறி ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் சிரித்தார். பிறகு யூடியூபில் வெளிநாட்டு மோட்டார்ஹோம்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரே மாதத்தில் அந்த வண்டியைப் பற்றி ஜெயக்கொடியைவிட அதிகம் தெரிந்தவராகிவிட்டார்.

பட்டறை வைத்திருந்த கிளமென்ட்தான் வேனை மாற்றிக் கொடுத்தார். பாதி வேலையில் ஜெயக்கொடி போய்க் குனிந்து பார்த்தார். பின்பக்கம் ஸ்டெப்னி தொங்கிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டேங்க் இருந்தது.

"ஏனுங்க தம்பி, ஸ்டெப்னி எங்கீங்க?"

"அக்கா, கழிவுத் தண்ணி டேங்குக்கு வேற எடமே இல்லீங்க. அண்ணன்தான் ஸ்டெப்னி வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு."

அந்த அண்ணன், சத்தியசீலன், பக்கத்திலேயே நின்றிருந்தார். "வெளிநாட்டுல எவனும் இதையெல்லாம் தூக்கிட்டுத் திரியறதில்ல ஜெயா. முப்பது கிலோ சும்மா கெடக்கும். டியூப்லெஸ் டயரு, பஞ்சர் கிட் வாங்கியாச்சு. மீறி ஏதாச்சும் ஆனா போன் பண்ணுனா ரிப்பேருக்கு ஆள் வந்துருவாங்க. சந்தா கட்டியிருக்கறன்."

"நம்மூரு ரோட்டுக்கு அதெல்லாம் ஆவாதுங்க. ஓட்டறது நானுங்க."

"ஓட்டறது நீதான். ஆனா இந்த வயசுல நடுரோட்டுல உக்காந்து வீல் கழட்டப் போறியா?"

கிளமென்ட் எந்தப் பக்கமும் சேராமல் தரையைப் பார்த்தார். சென்னையில் இருந்த மகனுக்கு ஜெயக்கொடி போன் செய்தார். "அப்பா சொல்றது சரிதானம்மா" என்றான் அவனும். பதினோரு முறை வீல் மாற்றியவரிடம் இரண்டு ஆண்கள் வீல் மாற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அதற்குமேல் வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும் என்று பின்னால் பல நாள் நினைத்தார்.

முதல் நீண்ட பயணமே சாம்ராஜ்நகருக்குத்தான். ஹபீபுன்னிசாவின் பேத்தி இஃப்ராவுக்குப் பதினொன்றரை மணிக்கு நிக்காஹ். "கண்ணு, நீ வந்து நின்னாத்தான் எனக்கு மனசு நெறையும்" என்று ஹபீபுன்னிசா நான்கு தடவை போனில் சொல்லியிருந்தார். விடிகாலையில் கிளம்பி, அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் கடந்து, பண்ணாரி செக்போஸ்ட்டைத் தாண்டும்போது ஏழு மணி. வண்டி அருமையாக ஏறியது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் கரும்பு லாரி ஒன்று முழு வளைவையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. ஜெயக்கொடி இடது ஓரம் ஒதுங்கினார். கூரான கல் ஒன்று முன்டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. சத்தத்தைக் கேட்டதுமே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சத்தியசீலன் உற்சாகமாகப் பஞ்சர் கிட்டோடு இறங்கினார். கிழிசல் மூன்று விரல் அகலம். ஓட்டையை அடைக்கிற ரப்பர் திரி ஒன்றைச் செருகினார், இரண்டாவதையும் செருகினார். பம்பைப் போட்டால் உள்ளே போன காற்றெல்லாம் அவர் முகத்தில் அடித்தது.

"பக்கவாட்டுல கிழிஞ்சா ஒட்டாதுங்க" என்றார் ஜெயக்கொடி.

"இரு, இன்னொண்ணு வெச்சுப் பாக்கலாம்."

ஐந்து திரியும் தீர்ந்தபோது மணி ஏழே முக்கால். போனில் சிக்னல் இல்லை. மேலே போகும் பஸ்ஸை நிறுத்தி ஏறி, சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் உதவி எண்ணில் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி சத்தியசீலன் போனார். ஜெயக்கொடி ஒற்றை ஆளாக வளைவில் நின்று, வருகிற வண்டிகளுக்குக் கை காட்டினார். "ஏனுங்க, ஷூட்டிங்கா? கேரவனுக்குள்ள யாரு இருக்காங்க?" என்று பைக்கில் வந்த ஒருவன் கேட்டான். வனக்காவலர் ஒருவர் வந்து, "இங்க நிக்கக்கூடாதுங்க, யானை வர்ற எடம். ஸ்டெப்னிய மாட்டிட்டு எடுங்கம்மா" என்றார்.

"இல்லீங்க."

"ஸ்டெப்னி இல்லாமயா மலையேறுனீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் அங்கே இல்லை. ஜெயக்கொடிக்குக் கண்ணில் நீர் முட்டியது. துக்கத்தில் வந்ததல்ல அது, கோபத்தில் வந்தது. வண்டிக்குள் ஐஸ் தண்ணீர் இருந்தது, மெத்தை இருந்தது, மாவு அரைக்கும் மிக்ஸிகூட இருந்தது.

ஒன்பது மணிக்குச் சத்தியசீலன் மேலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இறங்கினார். "நாலு மணி நேரத்துல ஆள் வந்துருவான்" என்றார், ஏதோ சாதித்துவிட்டதுபோல. ஜெயக்கொடி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அதே மாடல் டூரிஸ்ட் வேன் ஒன்று மேலிருந்து காலியாக இறங்கி வந்து நின்றது. ஈரோட்டுக்காரர், பெயர் வெங்கடபதி. மைசூரில் ஆட்களை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். டயரைப் பார்த்ததும் தன் ஸ்டெப்னியை இறக்கினார்.

"மாட்டிக்கோங்கக்கா. ஆனா இது இல்லாம நான் தொழில் பண்ண முடியாது. சத்தியமங்கலத்துக்கு எம் பின்னாலயே வந்து, புது டயர் போட்டுட்டுத் திருப்பிக் குடுத்துருங்க."

அவரே கழற்றப் போனார். ஜெயக்கொடி ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நட்டு இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தார். பன்னிரண்டாவது வீலை இருபது நிமிஷத்தில் மாற்றி முடித்தபோது சேலை முழுக்கக் கரி. நிக்காஹுக்காக எடுத்த சேலை.

சத்தியசீலன் கையைத் தட்டிக்கொண்டார். "பாத்தியா? ஸ்டெப்னி இல்லாமயே வேலை முடிஞ்சுபோச்சு."

ஜெயக்கொடி ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். சாம்ராஜ்நகர் மேலே இருந்தது. அவர் வண்டியைக் கீழே இறக்கினார்.

சத்தியமங்கலத்தில் மூன்று கடை ஏறி இறங்கியும் அந்த அளவு டயர் இல்லை. ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள். வெங்கடபதிக்கு நாலு மணிக்கு அடுத்த சவாரி. அவர் தன் வேனில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவரை இப்படிக் காக்க வைக்கிறோமே என்று ஜெயக்கொடிக்குக் கூசியது. பன்னிரண்டரைக்குச் சத்தியசீலனின் போன் அடித்தது, ஜெயக்கொடி எடுத்தார். உதவி எண்ணில் அனுப்பிய ஆள்.

"மேடம், பண்ணாரி வந்துட்டனுங்க."

"டயர் கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லீங்களே, பஞ்சர் ஒட்டத்தானுங்க அனுப்புனாங்க."

அவர் போனைக் கணவர் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். பிறகு தன் போனில் ஹபீபுன்னிசாவைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஒரே சத்தம். "நிக்காஹ் முடிஞ்சுபோச்சு கண்ணு. உனக்காகக் கால்மணி நேரம் நிறுத்தி வெக்கச் சொன்னேன். நிக்காஹ் நடத்தி வெக்கற ஹஜ்ரத் ஒத்துக்கல" என்றார் ஹபீபுன்னிசா. அவர் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

இரண்டே காலுக்கு டயர் வந்தது. ஸ்டெப்னியைத் திருப்பிக் கொடுத்து, வெங்கடபதியை வழியனுப்பிய பிறகு சத்தியசீலன் மெதுவாகச் சொன்னார்: "இப்பக்கூடப் போலாம். சாயங்காலத்துக்குள்ள மலையத் தாண்டிரலாம்."

"ஸ்டெப்னி இல்லாம அந்த மலையில இனி நான் ஏற மாட்டனுங்க. வேணும்னா நீங்க ஓட்டுங்க."

அவருக்கு ஓட்டத் தெரியாது. வண்டி ஊருக்குத் திரும்பியது.

மறுநாள் ஜெயக்கொடி தனியாகவே பட்டறைக்குப் போனார். ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டினால் கீல் தாங்காது என்றார் கிளமென்ட். தாங்குகிற கீலாகப் போடச் சொன்னார் ஜெயக்கொடி. பின்கண்ணாடி மறையும் என்றார். மறையட்டும் என்றார் ஜெயக்கொடி. கதவைக் கழற்றி, இரும்புச் சட்டம் வைத்து வெல்டு அடிக்க மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சத்தியசீலன் ஒருதரம் வந்து பார்த்து, "படுத்துக்கிட்டே மலையப் பாக்கறதுக்குத்தான் அந்தக் கண்ணாடி வெச்சது" என்று முனகிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் சாம்ராஜ்நகர் போனார்கள். வழியில் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு முறை வண்டி நிற்கும்போதும் சத்தியசீலன் நான்கு டயரையும் சுற்றிப் பார்த்து, "தேவையே படல பாரு" என்றார். இஃப்ரா கணவனோடு பெங்களூர் போய்விட்டிருந்தாள். ஹபீபுன்னிசா கல்யாணப் போட்டோக்களைப் போனில் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஜெயக்கொடி ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார்.

சாயங்காலம் தெருக்காரர்கள் வண்டியைச் சுற்றிக் கூடினார்கள். ஜெயக்கொடி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் பின்கதவைக் காட்டி ஏதோ கேட்க, சத்தியசீலனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மலை ரோட்டுல ஸ்டெப்னி இல்லாமப் போலாமுங்களா? அதான் நானே முன்ன நின்னு மாட்டச் சொன்னேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹபீபுன்னிசா ஜெயக்கொடியின் முகத்தைப் பார்த்தார். ஜெயக்கொடி டீயை வடிகட்டி முதல் டம்ளரை அவரிடம் நீட்டினார். கணவருக்கு ஊற்றிய டம்ளரில் சர்க்கரை போடவில்லை.